அப்பாவின் கல்வெட்டில் என்ன எழுதுவது?

வணக்கம் அண்ணா,

உங்கள் எழுத்துகளை நீண்ட நாட்களாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் அப்பா போன கிழமை ரொறன்ரோவில் காலமானார். வயது 86. வலிகாமத்தில் எங்கள் ஊர்ச் சங்கக்கடையில் (கூட்டுறவுச் சங்கக் கடை) 1967 முதல் 1995 இடப்பெயர்வு வரை மனேஜராக இருந்தவர். 2003இல் எங்கள் மூத்த அண்ணா ஸ்பொன்சர் செய்து அப்பாவையும் அம்மாவையும் கனடாவுக்குக் கூப்பிட்டார். நாங்கள் நாலு பிள்ளைகள், மூன்று நாடுகளில் இருக்கிறோம். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு (நினைவு மலர்) அடிக்க வேண்டும். வாழ்க்கை வரலாற்றை நான் எழுதுவது என்று முடிவாகிவிட்டது.

அண்ணா வேறு ஒருவருடைய கல்வெட்டை அனுப்பி, "இதைப் பார்த்து எழுது, பெயரையும் திகதியையும் மாற்றினால் சரி" என்றார். "அன்பும் பண்பும் நிறைந்தவர், எவருக்கும் தீங்கு நினையாதவர்" என்று தொடங்கினேன். அதற்கு மேல் போகவில்லை. வாசித்துப் பார்த்தால் அதில் அப்பா இல்லை. எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் சின்னச் சின்ன விசயங்கள். கோப்பிக் கடையில் சும்மா வைத்திருக்கும் சீனிப் பக்கற்றுகளை அப்பா எடுத்து வருவார். பத்துப் பத்தாக றப்பர் பாண்ட் போட்டு அலுமாரியில் அடுக்கி வைப்பார். அவர் போன பிறகு பார்த்தால் ஒரு தட்டு நிறைய இருந்தது. அதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "வெட்கக்கேடு, அதை விடு" என்கிறார் அண்ணா.

இன்னொன்றும் இருக்கிறது. பங்குக் கிணற்று விசயத்தில் அப்பாவும் பெரியப்பாவும் பதினொரு வருடம் கதைக்கவில்லை. 95 ஒக்ரோபர் இரவு, மழைக்குள், அப்பாச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்குத்தான் திரும்பக் கதைக்கத் தொடங்கினார்கள். பெரியப்பாவின் பிள்ளைகளும் அந்தியேட்டிக்கு வருவார்கள். இதை எழுதலாமா?

என் மகனுக்குப் பதினாறு வயது, மகளுக்குப் பதினொன்று. இரண்டு பேருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர்கள் வாசிக்காத ஒன்றை நான் யாருக்காக எழுதுகிறேன் என்றும் யோசனையாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்டால், "நீங்கள் எழுதுங்கோ, எனக்கென்ன தெரியும்" என்று மட்டும் சொல்கிறா.

திதி வெண்பா எழுதித் தர யாரையாவது தெரியுமா? அப்பா இரவு பதினொன்றரைக்குப் போனார். ஊரில் அப்போது அடுத்த நாள் காலை. எந்தத் திதி என்பதிலும் ஆளுக்கொரு கதை.

த., ஸ்காபரோ

(அவர் கேட்டுக்கொண்டபடி ஊர்ப்பெயரையும் ஆட்பெயர்களையும் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த துயரத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். அம்மாவிடமும் சொல்லுங்கள்.

தமிழகத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். நினைவு மலர் என்றும் சொல்வதுண்டு, பேச்சு வழக்கில் கல்வெட்டு. அட்டையில் படம், பிறந்த நாள், இறந்த நாள். உள்ளே திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். கொஞ்சம் வசதியுள்ள குடும்பமானால் ஊர்க் கோயில் வரலாறு, கைமருந்துக் குறிப்புகள், திருக்குறள் என்று பக்கங்கள் கூடும். சின்ன ஊர்களில் இருந்த அச்சகங்களுக்குக் கலியாணக் கார்ட்டுக்கு அடுத்தபடி இதுதான் நிரந்தர வேலை.

நான் இந்தக் கல்வெட்டுகளைத் தேடித் தேடி வாசிக்கிறவன். எங்கள் ஊர்களின் வரலாற்றில் பாதி இவற்றில்தான் கிடக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்பார்கள். ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் அவற்றோடு போயின. ஆனால் ஒருவருடைய கல்வெட்டு நூறு, இருநூறு வீடுகளுக்குப் போய்ச் சாமிப்படத்துக்குப் பின்னாலும் றங்குப்பெட்டிக்குள்ளும் இருந்ததால், நூலகத்தை எரித்தவர்களால் அதை எரிக்க முடியவில்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' இணையத் தளத்தில் இன்று நினைவு மலர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. போய்ப் பாருங்கள். ஒரு தபாலதிபர் எங்கெங்கே மாற்றலாகிப் போனார், ஒரு மலாயன் பென்சனியர் எந்த வருடம் ஊர் திரும்பினார், எந்த வாசிகசாலையை யார் கட்டினார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. பெரிய மனிதர்களுக்குப் புத்தகம் எழுத ஆட்கள் வருவார்கள். சங்கக்கடை மனேஜருக்கு எழுதப்படுகிற ஒரே புத்தகம் இதுதான். அதனால்தான் பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும் என்ற யோசனையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணாவைக் குறை சொல்லாதீர்கள். செத்தவீட்டுச் செலவு, ஹோல், சாப்பாடு, விசா எடுத்து வருகிறவர்கள் என்று மூத்த பிள்ளைக்குத் தலைக்கு மேல் வேலை. மாதிரி ஒன்றைக் காட்டி முடித்துவிடத்தான் அவர் மனம் சொல்லும். ஆனால் நீங்கள் எழுதி நிறுத்திய இடம் சரியான இடம். "அன்பும் பண்பும் நிறைந்தவர்" என்ற வரியைப் பத்துக் கல்வெட்டுகளை எடுத்தால் பத்திலும் காணலாம். என் அப்பப்பாவின் கல்வெட்டும் அப்படித்தான். எட்டுப் பக்கம் விருத்தப்பா. கற்பகதரு, கார்மேகம், குணக்குன்று எல்லாம் வருகிறது. அவர் புகையிலை செய்தாரா, வெங்காயம் செய்தாரா, கொழும்புக்கு எப்போதாவது ரயில் ஏறினாரா, எதற்குக் கோபம் வரும், எதற்குச் சிரிப்பார் என்று ஒரு வரி இல்லை. அவரைக் கண்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அவர் குணக்குன்று என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

எங்கள் மரபில் இறந்தவரைப் பாடுவதற்கு வேறொரு வழியும் இருந்தது, மிகப் பழைய வழி. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாட்டாக இருக்கிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவன் மகிழ்ந்து உண்பான் என்றுதான் அது தொடங்குகிறது. நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவானே என்றும் சொல்கிறார். இறந்தவன் அரசன், பல போர் கண்டவன். அவனை நினைக்கும்போது ஔவைக்கு வந்தது கள்ளின் அளவும் கையின் வாசமும். அந்தப் பாட்டை வாசிக்கிற எவருக்கும் அதியமான் ஒரு மனிதனாகத் தெரிகிறான். இரண்டாயிரம் வருடம் ஆகியும் தெரிகிறான்.

அதனால் சீனிப் பக்கற்றை எழுதுங்கள். தயங்காமல் எழுதுங்கள். அதை எழுதாவிட்டால் உங்கள் அப்பாவை எழுதியதாகாது என்றுகூடச் சொல்வேன்.

அது ஏன் வெட்கக்கேடு இல்லை என்று அண்ணாவுக்குச் சொல்ல வேண்டுமானால், அப்பா நின்ற அந்த மேசையை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் 1967இல் வேலைக்குச் சேர்ந்தார் என்கிறீர்கள். அதற்குச் சற்று முன்னர்தான், 1966 முடிவில், டட்லி சேனநாயக்க அரசாங்கம் கூப்பன் அரிசியை, அதாவது பங்கீட்டு அரிசியை, இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாக வெட்டியிருந்தது. இரண்டாவது கொத்தைச் சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து தருவோம் என்று 1970 தேர்தலில் சிறிமாவோ அணியினர் வாக்குக் கொடுத்தார்கள். அப்புறம் வந்த ஏழு வருடங்கள் உங்களுக்குச் செவிவழியாகத் தெரிந்திருக்கும். இறக்குமதியை நிறுத்தியதால் வெங்காயமும் மிளகாயும் செய்த எங்கள் தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டினார்கள். அதே வருடங்களில் பாணுக்கு விடியமுன் எழும்பி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. சீனி கிடைக்காது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்த காலம். தோட்டக்காரனின் கல்வீட்டையும் வெறுங்கையோடு வந்த கைம்பெண்ணின் கூப்பன் அட்டையையும் ஒரே நாளில், ஒரே மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர் சங்கக்கடை மனேஜர்.

1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம். இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் சீனியும் கொடுத்ததும் அதே சங்கக்கடைகள்தான். இருபத்தெட்டு வருடம் ஒரு மனிதர் ஊரார் எல்லோருக்கும் சீனியை அளந்து, அளந்து கொடுத்திருக்கிறார். குறைந்தால் ஏச்சு, கூடினால் கணக்கில் ஓட்டை. அப்படிப்பட்டவர் அறுபத்துநாலு வயதில் கனடாவுக்கு வந்து ஒரு கடைக்குள் நுழைகிறார். அங்கே சீனி ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. அட்டை கேட்க ஆளில்லை, எழுதி வைக்க ஆளில்லை, எவரும் அளக்கவில்லை. அவர் கை அதைக் கண்டு சும்மா இருக்குமா? பத்துப் பத்தாகக் கட்டினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது களவெடுத்தவன் கை செய்கிற வேலை அல்ல. இருப்பை எண்ணிக் கணக்குக் கொடுத்துப் பழகிய ஒருவரின் கை செய்கிற வேலை.

இதை எழுதும்போது விளக்கம் வேண்டாம். சங்கக்கடையில் அவர் சீனி நிறுத்த காலத்தை ஒரு பந்தியில் எழுதுங்கள். ஸ்காபரோ அலுமாரியை இன்னொரு பந்தியில் எழுதுங்கள். இரண்டையும் வாசிக்கிற அண்ணாவுக்கே விளங்கும். உங்கள் மகனுக்கும் விளங்கும்.

அந்த முதல் பந்திக்கு விவரம் வேண்டும். இப்போது உங்களிடம் இருக்கிற இந்த முப்பது நாள்தான் அதற்கு நல்ல நேரம். துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் ஊர்க்காரர் இருப்பார்கள், அப்பாவோடு வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் லண்டனிலிருந்தும் போன் வரும். ஊர்க்கதை எல்லாம் இந்த நாட்களில் தானாக வெளியே வரும். எட்டுச் செலவு முடிந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள், முப்பத்தொன்று முடிந்தால் கதை அடங்கிவிடும். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் "தங்கமான மனிசன்" என்பார்கள், கதை அத்தோடு முடியும். கடை எத்தனை மணிக்குத் திறக்கும்? சீனி லொறி வந்த நாளில் வரிசை எந்த ஒழுங்கை வரைக்கும் போகும்? கொத்தால் அளந்தாரா, தராசில் நிறுத்தாரா? இறாத்தல் போய்க் கிலோ வந்தபோது சனம் என்ன சொன்னது? இருப்பில் குறைவு வந்தால் யார் கட்டினார்கள்? கடன் கேட்டவருக்கு என்ன சொல்வார்? மேசைக்கு முன்னால் எல்லோரும் ஒரே வரிசையில்தான் நின்றார்களா, சிலர் தள்ளி நிற்க வேண்டியிருந்ததா? இப்படிக் கேட்டுப் பாருங்கள். கேட்டு முடிய முன்னமே ஒருவர் எழும்பி நின்று கையால் அளந்து காட்டுவார். போனில் பதிந்து வையுங்கள். பதிகிறோம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் பதியுங்கள்.

கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். எங்கள் ஊர்களில் 1960களின் இரண்டாம் பாதி என்பது தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்கு ஒடுக்கப்பட்ட மக்கள் போராடிய காலம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததை அந்தத் தலைமுறை மறக்காது. அந்தக் காலத்தில் ஒரு சங்கக்கடை எப்படி நடந்தது, உங்கள் அப்பா அங்கே எப்படி நடந்துகொண்டார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றின் பகுதி. விடை நீங்கள் விரும்புகிறபடி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதுவாக இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். நல்லவிதமாக நடந்திருந்தால், யார் சொன்னார்கள் என்பதோடு சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் குறைந்தபட்சம் "எல்லோரையும் சமமாக நடத்தியவர்" என்ற வழக்கமான வரியைப் போடாதீர்கள். அந்த வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள்.

இனிப் பெரியப்பா விசயம். இதில் நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கல்வெட்டைச் சொந்தக்காரர் எல்லோரும் ஒரே ஹோலில் இருந்து, ஒரே பந்தியில் சாப்பிட்டு, கையில் வாங்கிப் பிரிக்கிறார்கள். பங்குக் கிணற்றில் யாருடைய முறை எந்த நாள், யார் யாருடைய முறையில் இறைத்தது என்று அங்கே நீங்கள் தீர்ப்பு எழுத முடியாது. எழுதவும் கூடாது. கிணற்றுப் பங்குச் சண்டை இல்லாத குடும்பம் வலிகாமத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆற்றுநீர் இல்லாத மண், கிணற்றை விட்டால் வழியில்லை. சகோதரங்களுக்குக் காணியோடு கிணற்றையும் நாள் கணக்கில் பிரித்துக் கொடுத்தார்கள். கோடையில் ஒரு முறை தவறினால் வெங்காயம் வாடிவிடும். சண்டை வராமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆனால் அந்த இரவை எழுதத்தான் வேண்டும். 1995 ஒக்ரோபர் 30. ஒலிபெருக்கியில் புலிகளின் அறிவித்தல் வந்தது, வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் புறப்பட்டது. கொட்டுகிற மழை. நாவற்குழிப் பாலத்தடியில் அடி வைக்க இடமில்லை. சில மைல் தூரத்தைக் கடக்க இரவு போய்ப் பகலும் போனது. அந்த நெரிசலில் பதினொரு வருடம் முகம் பார்க்காத இரண்டு சகோதரர்கள் தாயைக் கரியரில் இருத்திக்கொண்டு, ஒருவர் ஹான்டிலைப் பிடிக்க ஒருவர் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். இதை எழுதுவது பெரியப்பாவுக்கும் பெருமைதான். எழுத முன்னர் பெரியப்பாவின் மூத்த பிள்ளைக்கு ஒரு போன் எடுங்கள். "இப்படி எழுதப் போகிறேன், உங்கள் பக்கத்து ஞாபகம் என்ன?" என்று கேளுங்கள். அவர்கள் வீட்டில் அந்த இரவைப் பற்றி வேறொரு கதை இருக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் அது முழுமையாகும். "கிணற்றுப் பங்கில் ஏற்பட்ட மனத்தாங்கலால் சில காலம் பேசாதிருந்த சகோதரர்கள்" என்று பாதி வரி போதும், மிச்ச இடம் முழுவதும் அந்தச் சைக்கிளுக்கு. அவர்கள் வேண்டாம் என்றால், இந்தப் பதிப்பில் பாதி வரியையும் விட்டுவிடுங்கள். உங்கள் கொப்பியில் எழுதி வையுங்கள். ஆண்டுத்திவசத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அதற்குள் மனம் மாறலாம்.

இரு பேரும் முதலில் என்ன வார்த்தை பேசினார்கள் என்று யாருக்காவது தெரியுமா? அம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

அம்மாவைப் பற்றித்தான் எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகக் கவலை. "எனக்கென்ன தெரியும்" என்று அவர் சொன்னதை அப்படியே விட்டுவிடாதீர்கள். கல்வெட்டில் வழக்கமாக மனைவி புலம்பல் என்று ஒரு பகுதி வரும். அதை ஒரு புலவர் எழுதுவார், அநேகமாக ஆண். "ஆலமரம் சாய்ந்ததையா, ஆருக்கினி நான் உரைப்பேன்" என்ற தோரணையில் போகும். அந்தப் பெண் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் புருசனை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார். அவருடைய பெயரில் யாரோ அழுகிறார், அவர் மூலையில் பேசாமல் இருக்கிறார். எத்தனையோ கல்வெட்டுகளில் இதைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. உங்கள் அப்பாவின் கல்வெட்டில் அந்தப் புலம்பலை விட்டுவிட்டு, அம்மா சொன்னதை அம்மாவின் பேச்சிலேயே ஒரு பக்கம் போடுங்கள். கையில் பேனையோடு போய் முன்னால் இருந்தால் அவர் சொல்லமாட்டார். ஒரு பின்னேரம் மரக்கறி வெட்டும்போது பக்கத்தில் இருந்து, கடைக்கு அப்பா கொண்டுபோன சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். 95இல் வீட்டைப் பூட்டிவிட்டு வரும்போது என்னவெல்லாம் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். சாமான் பட்டியல் சொல்லத் தொடங்கினால் மற்றது தானாக வரும். சீனிப் பக்கற்றைப் பற்றியும் அவருக்கு ஒரு கதை கட்டாயம் இருக்கும். அந்த அலுமாரி அவருடையதும்தானே.

வம்சாவளி போடும்போதும் இதைக் கவனியுங்கள். ஆண்களுக்குப் பெயரும் ஊரும் உத்தியோகமும் வரும், பெண்கள் "இன்னாரின் பாரியார்" என்று முடிந்துவிடுவார்கள். அப்பாச்சியின் பெயர், அவர் பிறந்த ஊர், அவருடைய தாயின் பெயர் தெரிந்தால் அதுவும் வரட்டும். சாதிப் பெருமை பேசும் வரிகள் பழைய கல்வெட்டுகளில் வரும், "உயர்குடி", "நற்குலம்" என்று. அவற்றை எடுத்துவிடுங்கள். ஆட்களின் பெயர் போதும்.

பிள்ளைகளுக்கு வருகிறேன். தமிழ் வாசிக்காத பிள்ளைகளுக்காக ஏன் எழுதுவது என்று கேட்டீர்கள். ஊரில் இருக்கிற அப்பாவின் சகபாடிகளுக்காக எழுதுகிறீர்கள், உங்கள் அம்மாவுக்காக எழுதுகிறீர்கள், அதை முதலில் மனதில் வையுங்கள். அவர்களுக்கு ஆங்கிலப் புத்தகம் உதவாது. அதனால் தமிழைக் கைவிட வேண்டாம். ஆனால் பிள்ளைகளின் பக்கத்தைப் பிள்ளைகளே எழுதட்டும், அவர்களுக்கு வருகிற மொழியில். "பேரப்பிள்ளைகள் புலம்பல்" என்று யாரோ எழுதிய பாட்டைத் தமிழ் தெரியாத பிள்ளையின் பெயரில் போடுவதைப் போல ஒரு பொய் வேறில்லை.

உங்களுக்கு அப்பா மனேஜர். வேலை முடிந்து களைத்து வந்தவர், ஒருவேளை கண்டிப்பானவர். உங்கள் மகனுக்கு அந்த ஆளைத் தெரியாது. அவனைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன, பனிக்குள் வழுக்காமல் கையைப் பிடித்த, கோப்பிக் கடையில் மற்ற ஊர்க் கிழவர்களோடு மணிக்கணக்காக இருந்த ஒரு மனிதரைத்தான் தெரியும். அவர் அவனோடு எந்த மொழியில் கதைத்தார், பாதி விளங்காதபோது இருவரும் என்ன செய்தார்கள், எந்தச் சொற்களை அவன் அவரிடமிருந்து பொறுக்கிக்கொண்டான் என்பது உங்களுக்கே தெரியாது. கனடாவில் அவர் வாழ்ந்த இருபத்திரண்டு வருடம் அநேகமாகப் பேரப்பிள்ளைகளோடு கழிந்த காலம். அப்படிப் பார்த்தால் அவருடைய வாழ்க்கையின் கால்பங்குக்குச் சாட்சி உங்கள் பிள்ளைகள்தான். எங்கள் கல்வெட்டுகளில் "2003இல் புலம்பெயர்ந்து பிள்ளைகளுடன் மகிழ்வாக வாழ்ந்தார்" என்று அந்தக் காலத்தை ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். மகிழ்வாகத்தான் வாழ்ந்தாரா? குளிர்காலத்தில் நிலக்கீழ் வீட்டுக்குள் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்த எத்தனையோ அப்பாமாரை நான் அறிவேன். அவர்களுக்குச் சுகமும் இருந்தது, சொல்லாத தனிமையும் இருந்தது. உங்கள் மகளைக் கேளுங்கள், பதினொரு வயதுப் பிள்ளை உள்ளதைச் சொல்லும். அவள் சொல்வதைத் திருத்தாமல் போடுங்கள். ஒரு பக்கத்தில் பிள்ளைகளின் ஆங்கிலம், எதிர்ப் பக்கத்தில் அதன் தமிழ், அம்மா வாசிப்பதற்காக. பஞ்சபுராணத்தில் ஒரு தேவாரத்தையாவது ஆங்கில எழுத்திலும் அச்சடித்தால் அன்றைக்குப் பிள்ளைகளும் கூடப் பாடலாம். கனடாவில் இப்போது பலர் இப்படிச் செய்கிறார்கள்.

வேறு சில சின்ன விசயங்கள். படங்கள் போட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே யார், எந்த ஊர், ஏறத்தாழ எந்த வருடம் என்று எழுதுங்கள். "நண்பர்களுடன்" என்று மட்டும் போட்டால் இருபது வருடத்தில் அந்த நண்பர்கள் யாரென்று எவருக்கும் தெரியாது. சங்கக்கடை இருந்த சந்தியை, ஒழுங்கையை, கிணற்றை, வீட்டை யாராவது ஊர்க்காரரைக் கொண்டு கையால் வரைவித்து ஒரு பக்கம் போடுங்கள். பளபளப்பான தாளும் நிறப்படமும் அவசியமில்லை, அந்தக் காசுக்கு இன்னும் எட்டுப் பக்கம் கூட்டலாம். அச்சுக்குக் கொடுத்த கோப்பின் ஒரு பிரதியை நூலகம் தளத்துக்கும் அனுப்பிவிடுங்கள். உயிரோடு இருக்கிறவர்களின் விலாசமும் போன் நம்பரும் அதில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தொன்றுக்குள் எல்லாம் முடியாது என்று பயப்பட வேண்டாம். கிடைத்ததை வைத்து நாலு பக்கம் எழுதுங்கள். பதிந்து வைத்ததெல்லாம் ஆண்டுத்திவசத்துக்குப் பெரிய மலராக வரட்டும். நாள் நெருங்கி அவசரம் வந்து, மாதிரிக் கல்வெட்டில் இருக்கிற வரிகளால் இடத்தை நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். பக்கம் வெறுமையாக இருந்தால் சிவபுராணத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

திதி வெண்பாவுக்கு ஆள் ஊரிலும் இருக்கிறார்கள், ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் தொடர்பைத் தனியாக அனுப்புகிறேன். அது நாலடி வெண்பாதான் என்றாலும் அதற்கு ஒரு காரியம் இருக்கிறது. எந்த வருடம், எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்பதைப் பாட்டில் பொதித்து வைக்கிறார்கள், வருடா வருடம் திவசம் செய்கிறவர்கள் நாளைத் தவறவிடாமல் இருப்பதற்காக. ஆகவே அலங்காரம் எப்படி இருந்தாலும் திதி பிழைக்கக் கூடாது. ஊரில் விடிந்துவிட்டதே என்று குழம்ப வேண்டாம். அப்பாவின் உயிர் பிரிந்தது ரொறன்ரோவில். அந்த இரவு பதினொன்றரை என்ற நேரத்தையே, கோடைநேரமா குளிர்கால நேரமா என்பதையும் சேர்த்து, அங்குள்ள குருக்களிடம் கொடுங்கள். ரொறன்ரோவுக்குக் கணித்த பஞ்சாங்கத்தில் அவர் பார்த்துச் சொல்வார். இலங்கைப் பஞ்சாங்கத்தில் பார்ப்பதானால் நேரத்தை மாற்றித்தான் பார்க்க வேண்டும், அதில்தான் ஆளுக்கொரு கதை வருகிறது. குருக்கள் சொன்னதை எழுத்தில் வாங்கி, வெண்பா எழுதுகிறவருக்கு அப்படியே அனுப்புங்கள். வரலாற்றை எழுதி முடித்ததும் விரும்பினால் எனக்கும் அனுப்புங்கள், அச்சுக்குப் போக முன்னர் வாசித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணா